உன் ரத்தத்தை முதலில் பார்த்தவள்

கதிருக்கு,

இந்தக் கவரை நான் ஒட்டவில்லை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நீயும் மேகலாவும் ஓசூருக்குக் கிளம்புகிறீர்கள். புதுக்கோட்டை பைக் ஷோரூமில் சர்வீஸ் பார்த்தது போதும் என்று பெரிய கம்பெனிக்குப் போகிறாய், சந்தோஷம்தான். நீ புதுக்கோட்டையில் இருந்தவரை, பார்க்க வேண்டும் போலிருந்தால் லேபைப் பூட்டிவிட்டு ஆலங்குடியில் பஸ் ஏறி வந்துவிடுவேன். இனி அப்படி வர முடியாது. நேரில் பேசலாம் என்றால் நான் பாதி சொல்வதற்குள் உன் போன் அடிக்கும், எனக்குக் கோபம் வரும், பேச்சு வேறு எங்கேயோ போய்விடும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். பொறுமையாகப் படி.

சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு உன் மனைவி மேல் பொறாமை. எல்லா மாமியாருக்கும் உள்ளதுதானே என்று சிரிக்காதே. அவள் வைக்கும் மீன்குழம்பை என் எதிரிலேயே நீ பாராட்டியபோது கொஞ்சம் சுருக்கென்றது, அது அன்றைக்கே போய்விட்டது. உன் சட்டையை அவள் எடுத்துக் கொடுக்கிறாள், உன் தலைமுடியை எப்போது வெட்ட வேண்டும் என்று அவள் முடிவு செய்கிறாள், போகட்டும். இதெல்லாம் நானும் என் மாமியாருக்குச் செய்ததுதான். ஆனால் உன் ரத்தத்தில் கோளாறு இருக்கிறது என்பதை எனக்கு முன்னால் அவள் தெரிந்துகொண்டாள். அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. ஊரார் ரத்தத்தையெல்லாம் கண்ணாடியில் வைத்துப் பார்க்கிறவள் நான். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவள். இந்தப் போட்டியில் அவள் ஜெயிப்பாள் என்று யார் நினைத்திருப்பார்கள்.

நீ லேபில் வளர்ந்த பிள்ளை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மருந்துக்கடை மாடியில் உள்ள அந்த ஒற்றை அறையில் உனக்கென்று ஒரு ஸ்டூல் கிடந்தது. உன் அப்பா விடிந்தால் கீரமங்கலத்துப் பூக்கொல்லை, பிறகு பூ மார்க்கெட் என்று போய்விடுவார். நீ பள்ளிக்கூடம் விட்டதும் நேராக மாடி ஏறுவாய். நான் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு, கையால் கவுண்டரைத் தட்டிக்கொண்டிருப்பேன். ஒவ்வொரு வகை வெள்ளையணுவுக்கும் ஒரு பொத்தான். அந்தச் சத்தத்தில்தான் நீ வீட்டுப்பாடம் எழுதினாய். எழுதி முடித்தால் ஒரு தடவை பார்க்க விடுவேன். உட்கரு மூன்று நான்கு துண்டாக இருக்கும் நியூட்ரோஃபிலுக்கு நீ துண்டு மிட்டாய் என்று பெயர் வைத்தாய். உருண்டையாக உடம்பு முழுக்க உட்கருவாக இருக்கும் லிம்போசைட் உனக்குக் கோலிக்குண்டு. பெருத்து மந்தமாகக் கிடக்கும் மோனோசைட் எருமை. சிவந்த பொட்டுகள் நிறைந்த ஈசினோஃபில் செவப்பி. உனக்கு ரொம்பப் பிடித்தது பேசோஃபில். கருநீலப் பொட்டுகளால் மூடி உள்ளே என்ன இருக்கிறதென்றே தெரியாமல் இருக்கும். நூறு அணுவை எண்ணினால் ஒன்று கிடைக்கும், பல நாள் அதுவும் கிடைக்காது. அதற்குக் கருப்பன் என்று பெயர். மாடிப்படி ஏறும்போதே "இன்னிக்கிக் கருப்பன் வந்தானாம்மா?" என்று கேட்டுக்கொண்டே வருவாய்.

மற்ற வீட்டுப் பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் என்றால் முதலில் கேக். நம் வீட்டில் முதலில் விரலில் ஒரு குத்து. மாசி மாதம் உன் பிறந்தநாள் காலையில் குளித்ததும் உன்னை லேபுக்குக் கூட்டிப்போய், இடது கை மோதிர விரலைத் துடைத்து, ஒரு சொட்டு எடுத்து, ஸ்லைடில் இழுத்து, சாயம் போட்டு, வகைவகையாக எண்ணிப் பார்த்து, "எல்லாரும் சரியா இருக்காங்க, கெளம்பு" என்று சொன்ன பிறகுதான் பாயசம். உன் அப்பா அதைக் கேலி செய்துகொண்டே இருப்பார். "லாரிக்காரன் வண்டிக்கு எஃப்.சி. காட்டுற மாரி, இவ பெத்த புள்ளைக்கி வருசா வருசம் எஃப்.சி. காட்டுறா" என்பார். நீயும் அதைப் பிடித்துக்கொண்டாய். கல்லூரியில் படிக்கும்போதுகூட பிறந்தநாளுக்கு வந்து விரலை நீட்டி "எஃப்.சி. போடும்மா" என்றாய். அந்த ஸ்லைடு ஒன்றையும் நான் கழுவிப் போட்டதில்லை. ஓரத்தில் பென்சிலால் உன் வயதை எழுதி ஒரு மரப்பெட்டியில் வரிசையாக வைத்திருக்கிறேன். அது எனக்கு ஆல்பம். கல்யாண ஆல்பத்தில் உன் பக்கத்தில் மேகலா நிற்கிறாள். இந்த ஆல்பத்தில் நீ மட்டும்தான் இருந்தாய், அதனால் இது எனக்கு இன்னும் பிடிக்கும்.

ஆறாம் வகுப்பில் உனக்குக் காய்ச்சல் வந்து கழுத்தில் நெறி கட்டியது ஞாபகம் இருக்கிறதா? வேறொரு இடத்தில் ரத்தம் பார்த்துவிட்டு, அணுக்கள் ஒரு மாதிரியாக இருக்கின்றன, உடனே திருச்சிக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். உன் அப்பா முகம் வெளுத்துவிட்டது. நான் உன்னை லேபுக்குத் தூக்கிவந்து நானே ஸ்லைடு போட்டுப் பார்த்தேன். கோலிக்குண்டுகள் பெருத்துக் கோணல்மாணலாக, பக்கத்தில் இருக்கும் சிவப்பணுவின் மேல் சாய்ந்துகொண்டு கிடந்தன. ஆனால் ஒன்றைப் போல ஒன்று இல்லை. ஒன்று நீலம், ஒன்று வெளிர், ஒன்று பெரியது, ஒன்று சின்னது. வைரஸை எதிர்த்து நிற்கும்போது லிம்போசைட் அப்படித்தான் உருமாறும். புற்று என்றால் ஒரே அச்சில் வார்த்தது போலக் கூட்டம் கூட்டமாக வரும். "ஒண்ணுமில்ல, வைரஸ் காச்சல்தான்" என்று சொன்னேன். சொல்லிவிட்டாலும் திருச்சி டாக்டரிடமும் காட்டினோம், அவரும் அதையே சொன்னார். நான் உனக்குச் சொல்ல வருவது இதுதான். ஓசூரில் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் பயப்படாதே, எண்ணிக்கையை மட்டும் பார்த்து நிம்மதியும் அடையாதே. வெள்ளையணு கூடினால் சீழ்க்கட்டியாக இருக்கலாம், நிமோனியாவாக இருக்கலாம். செவப்பி கூடினால் வயிற்றில் பூச்சியோ அலர்ஜியோ ஆஸ்துமாவோ இருக்கலாம். மொத்த வெள்ளையணுவே குறைந்தால் டெங்குவாக இருக்கலாம், சாப்பிடுகிற மாத்திரையே குறைத்திருக்கலாம். எத்தனை என்று மெஷின் சொல்லிவிடும். யார் யார் வந்திருக்கிறார்கள் என்று ஒரு ஆள் ஸ்லைடில் பார்த்துச் சொல்ல வேண்டும். ஸ்லைடு பார்த்தீர்களா என்று கேட்டு வாங்கு. உனக்கு அதைக் கேட்கும் உரிமை உண்டு.

கல்யாணம் முடிந்து வந்த முதல் மாசியில் நீ வரவில்லை. பாயசத்துக்குப் பால் வாங்கி வைத்துவிட்டு, லேபில் ஊசியும் ஸ்லைடும் எடுத்து வைத்துவிட்டுக் காத்திருந்தேன். போன் செய்தால், மேகலா நார்த்தாமலைக்குக் கூட்டிப்போகிறாள், சாயங்காலம் பேசுகிறேன் என்றாய். திருவரங்குளத்தில் அவள் வீட்டில் யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் குடும்பத்தோடு எங்காவது மலைக்கோயிலுக்கு ஏறுவார்களாம், அது அவர்கள் பழக்கமாம். அன்றைக்கு அந்தப் பாலை நான் தயிருக்கு உறை ஊற்றினேன். உன் அப்பா கேட்டதற்கு, பாயசம் வைக்க உடம்புக்கு முடியவில்லை என்று பொய் சொன்னேன். உண்மையில் எனக்கு வயிறு எரிந்தது. ஒரு வருடப் பிறந்தநாளை அவள் எடுத்துக்கொண்டாள் என்று அன்று பூராவும் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்த மலையில்தான் அவள் கண்டுபிடித்தாள். பாறைச் சரிவில் பாதி ஏறும்போதே நீ உட்கார்ந்துவிட்டாயாம். மூச்சு வாங்குகிறதா என்றதற்கு, இல்லை, இடது பக்கம் விலாவுக்குக் கீழே கல்லைக் கட்டினாற்போல் கனக்கிறது என்றாயாம். வேறு யாராக இருந்தாலும் சிறுசுகள் வெயிலில் ஏறினால் அப்படித்தான் என்று விட்டிருப்பார்கள். அவள் ஒன்றோடு ஒன்றைக் கூட்டிப் பார்த்திருக்கிறாள். நீ இரண்டு இட்லிக்கு மேல் சாப்பிடுவதில்லை. பேண்ட் இடுப்பில் லூசாகிவிட்டது, ஆனால் மேல்வயிறு மட்டும் உப்பியிருக்கிறது. தூங்கி எழுந்தால் தலையணை நனைந்திருக்கிறது. கோயில் வரை ஏறாமலே உன்னைக் கீழே இறக்கி, நேராகப் புதுக்கோட்டையில் டாக்டரிடம் கொண்டுபோய் நிறுத்திவிட்டாள். அவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்து மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்று ரத்தம் எடுக்கச் சொன்னார். பத்து, பதினோராயிரத்துக்குள் இருக்க வேண்டிய வெள்ளையணு லட்சத்தைத் தாண்டியிருந்தது.

அந்த இரண்டு இட்லியை நானும் பார்த்தேன், கதிர். பொங்கலுக்கு நீ வந்தபோது நான் வைத்த தட்டில் பாதியை மிச்சம் வைத்துவிட்டு எழுந்தாய். மண்ணீரல் வீங்கி இரைப்பையை அழுத்தினால் கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடும் என்று எனக்குப் பாடமே உண்டு, பரீட்சையில் எழுதியிருக்கிறேன். எனக்கு அன்று அது தோன்றவே இல்லை. அவள் கைச் சமையல் பழகி என் இட்லி உனக்குக் கசக்கிறது என்று நினைத்தேன். சட்னியை மாற்றி அரைத்துப் பார்த்தேன். அவள் சட்னியில் என்ன போடுகிறாள் என்று உன்னிடமே கேட்டேன். நீ சிரித்தாய். பொறாமைக்காரியின் கண்ணுக்கு மண்ணீரல் எப்படித் தெரியும், சொல்.

திருச்சியில் எலும்பு மஜ்ஜையும் மரபணுவும் பார்த்து, நாள்பட்ட வகை ரத்தப் புற்றுநோய் என்று சொன்னார்கள். இரண்டு குரோமோசோம்கள் ஒன்றின் துண்டை இன்னொன்றோடு மாற்றிக்கொண்டதால் வருவது, தினம் மாத்திரை சாப்பிட்டால் கட்டுக்குள் வைத்துக்கொண்டு எல்லாரையும் போல வாழலாம் என்று அந்த டாக்டர் பொறுமையாக விளக்கினார். மேகலா அவர் சொன்னதையெல்லாம் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டாள். நான் எதுவும் கேட்கவில்லை. எனக்கு இருந்த ஒரே எண்ணம், இந்த ஸ்லைடை யாரோ ஒரு லேபில் யாரோ ஒருவர் முதலில் பார்த்திருக்கிறாரே என்பதுதான். முகம் தெரியாத அந்த ஆள் மேலும் பொறாமைப்பட்டேன். மாத்திரை தொடங்குவதற்கு முன் உன்னிடம் ஒரு சொட்டு கேட்டேன், நீயும் கொடுத்தாய். லேபில் வைத்துப் பார்த்தேன். ரத்தத்தில் வளர்ந்த அணுக்கள்தான் நடமாட வேண்டும், வளர வேண்டிய குஞ்சும் குளுவானும் மஜ்ஜைக்குள்ளேயே இருக்க வேண்டும். உன் ஸ்லைடில் நேற்றுப் பிறந்ததிலிருந்து முற்றியது வரை எல்லா வயதும் இருந்தன, திருவிழாக் கூட்டம். கடுமையான தொற்று வந்தாலும் இளசுகள் கொஞ்சம் வெளியே வரும், ஆனால் அதில் கருப்பன் கூடமாட்டான். உன் ஸ்லைடில் பார்த்த இடமெல்லாம் கருப்பன். சின்ன வயதில் நீ ஒருவனைத் தேடித் தேடிப் பார்த்தாயே, அவன். அப்போதுதான் நான் அழுதேன்.

இப்போது யாருக்கும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அழுது முடித்ததும் நான் அந்த மரப்பெட்டியைத் திறந்தேன். கல்யாணத்துக்கு முந்தைய மாசியில் எடுத்த உன் கடைசிப் பிறந்தநாள் ஸ்லைடை எடுத்து மறுபடி பார்த்தேன். அதில் நோயின் அடையாளம் ஏதாவது இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே பார்த்தேன். ஆமாம், இருக்க வேண்டும் என்று. ஒரே ஒரு இளசு, கூடுதலாக ஒரு கருப்பன், ஏதாவது. இருந்திருந்தால் நான் கவனிக்காமல் விட்டவள் ஆவேன், ஆனாலும் முதலில் அது என் கண்ணில்தான் பட்டது என்று ஆகும். ஓரத்திலிருந்து ஓரம் வரை பார்த்தேன். சுத்தமாக இருந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. அதைப் பார்த்து ஒரு தாய்க்கு நிம்மதி வர வேண்டும். எனக்கு ஏமாற்றம்தான் வந்தது. நீ என்னிடம் இருந்தவரை உன்னிடம் கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை. கண்டுபிடிக்க வேண்டியதெல்லாம் அவள் பங்குக்குப் போய்விட்டது.

அடுத்தது கீரமங்கலம் காதுகுத்து. உனக்கும் அது நன்றாக ஞாபகம் இருக்கும், ஆனால் நீ பார்த்தது பாதிதான். உன் அப்பாவின் தங்கை, உன் திலகா அத்தை, பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தாள். எதிர்ப் பந்தியில் நீயும் மேகலாவும். திலகா மெதுவாகப் பேசுகிறவளா என்ன. "தப்பா நெனைக்காதீங்க மதினி. வருசந் தவறாம நீங்க ரத்தம் பாத்த புள்ள, ஒரு வருசங்கூட ஒண்ணும் சொன்னதில்ல. இவ வந்து வருசந் திரும்பல, இப்பிடி ஆயிருச்சு. ஊரு வாய என்ன செய்யிறது?" என்றாள். மேகலாவின் கை சோற்றில் அப்படியே நின்றது. திலகா விடவில்லை. "கல்யாணத்துக்கு முந்தி பாத்தீங்கல்ல, அப்ப இருந்துச்சா இல்லயா, அத மட்டும் சொல்லுங்க" என்றாள்.

இல்லை என்பதுதான் உண்மை. அந்த ஒரு சொல்லை நான் சொல்லியிருந்தால், அவள் கால் வைத்த நேரம்தான் என்று அங்கேயே தீர்ப்பு எழுதியிருப்பார்கள். நான் மேகலாவைப் பார்த்தேன். ஒரு நிமிடம் எனக்கு அது இனிப்பாகக்கூட இருந்தது, மறைக்க மாட்டேன். பிறகு சொன்னேன், "இருந்துச்சு. எளசு ஒண்ணு ரெண்டு அப்பயே தலகாட்டுச்சு. சளி புடிச்சிருந்தான், அதுனால இருக்கும்னு நாந்தான் விட்டுட்டேன்." திலகா வாயை மூடிக்கொண்டாள். மேகலா கை கழுவும் இடத்தில் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தன் தவறை நாலு பேர் முன்னால் ஒத்துக்கொண்டு மருமகளைக் காப்பாற்றினாள் என்று பார்த்தவர்கள் பெருமையாகப் பேசினார்கள். பெருந்தன்மையும் இல்லை, ஒன்றும் இல்லை. அவள் மேல் எனக்கு இரக்கம் வந்தது உண்மைதான். ஆனால் என் நாக்கைத் திருப்பியது பொறாமை. நோய் கல்யாணத்துக்கு முந்தியே இருந்தது என்றால் அது என் காலத்து நோய். தவறவிட்டிருந்தாலும் முதலில் பார்த்தது நான். அவளிடமிருந்து அதைப் பறித்துக்கொள்ள எனக்கு ஒரு வழி கிடைத்தது, பறித்துக்கொண்டேன்.

அதற்கு என்ன விலை என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. நீ எதிர் இலையிலிருந்து என்னை நிமிர்ந்து பார்த்தாய். அடுத்த மாதம் ரத்தம் பார்க்க நான் ஊசியை எடுத்தபோது, "வேணாம்மா, இனிமே புதுக்கோட்டையிலயே குடுத்துக்கறேன்" என்றாய். குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். அன்றிலிருந்து உன் ரிப்போர்ட்டை நான் மேகலாவின் போனில்தான் பார்க்கிறேன். உன் அப்பா மட்டும் என் பேச்சை நம்பவில்லை. காதுகுத்திலிருந்து வண்டியில் வரும்போதே, "நீ விடுற ஆளு இல்லயே. என்னமோ சொல்லிவச்சிருக்க" என்றார். அவருக்கு இருந்த சந்தேகம் உனக்கு வரவில்லையே என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன். ஊரில் இரண்டு மூன்று பேர் சொந்தப் பிள்ளை ரத்தத்தையே கோட்டை விட்டவள் என்று பேசுகிறார்கள், பேசட்டும். என் கண்ணை நீ நம்பாமல் ஓசூருக்குப் போவதுதான் எனக்குத் தாங்கவில்லை. அப்படியும் இந்த உண்மையை நான் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டேன். சொல்ல வைத்தது மேகலா.

செவ்வாய்க்கிழமை அவள் தனியாக லேபுக்கு வந்தாள், பள்ளிக்கூடத்தில் சம்பளக் கணக்கு முடித்து ரிலீவாகிவிட்டதைச் சொல்ல. சொல்லிவிட்டுப் போகாமல் உன் ஸ்டூலில் உட்கார்ந்தாள். "அத்தை, கல்யாணத்துக்கு முந்தி எடுத்த ஸ்லைடு இருக்கா? நான் ஒரு தடவ பாக்கணும்" என்றாள். பார்த்து என்ன செய்யப்போகிறாய் என்றேன். "சும்மாதாங்கத்தை. எல்லாரும் பாத்திருக்கீங்க, நான் மட்டும் அவரு ரத்தத்தப் பாத்ததே இல்ல" என்றாள். பெட்டியைத் திறந்து அந்த ஸ்லைடை வைத்துக் கொடுத்தேன். இந்தப் படிப்பைப் படிக்காதவளுக்கு எது என்ன என்று எங்கே தெரியப்போகிறது என்ற தைரியம். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். பிறகு நோய் வந்தபோது எடுத்ததையும் காட்டச் சொன்னாள். அதையும் வைத்தேன். மறுபடி முதல் ஸ்லைடை வைக்கச் சொன்னாள். பிறகு கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

"அத்தை, ரெண்டாவது காமிச்சதுல நெருக்கியடிச்சுக்கிட்டு நிக்கிது. இதுல ஒண்ணு இங்கிட்டு, ஒண்ணு அங்கிட்டுன்னு தள்ளித் தள்ளி இருக்கு. எனக்குப் பேரு தெரியாது. ஆனா இதுல ஒண்ணுமே இல்லயே?"

சாயப் பாட்டிலை மூடினேன், திறந்தேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"எனக்காகத்தான் அப்பிடிச் சொன்னீங்களா?"

"ஒனக்காகன்னு நெனைக்காத. வயித்தெரிச்சல்ல சொன்னேன்," என்றேன். இவ்வளவு தூரம் வந்த பிறகு எதற்கு மறைக்க வேண்டும். நார்த்தாமலையிலிருந்து இட்லி வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் அழுவாள், இல்லை கோபித்துக்கொண்டு போவாள் என்று நினைத்தேன். அவள் சிரித்தாள். பிறகு அந்த மரப்பெட்டியில் வரிசையாக இருந்த ஸ்லைடுகளை விரலால் தடவிக்கொண்டே, "எனக்கும் ஒங்க மேல பொறாமைதாங்கத்தை. அவரு சின்னப் புள்ளயா இருந்ததுலேர்ந்து எல்லா வருசமும் இதுல இருக்கு. எனக்குக் கெடச்சது இந்த ஒரு வருசந்தான். அதுவும் நோயோட கெடச்சது" என்றாள்.

போகும்போது படியில் நின்று, "அவருட்ட உண்மையச் சொல்லிருங்கத்தை. எம்மேல பழி வந்தா வரட்டும், நான் பாத்துக்கறேன். ஒங்க கண்ண அவரு நம்பாம இருக்கக் கூடாது" என்றாள். அதிலும் என்னை முந்திவிட்டாள் பார். நான் பொறாமையில் செய்ததை அவள் மனசறிந்து செய்கிறாள். எனக்கு அவள் மேல் உள்ள பொறாமை செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு கூடித்தான் இருக்கிறது, குறையவில்லை.

ஆனால் பழி அவள் மேல் வரக்கூடாது. திலகாவிடம் நானே பேசிக்கொள்கிறேன். ஸ்லைடு சுத்தமாக இருந்தது என்பதால் நோய் அதற்குப் பிறகுதான் பிறந்தது என்று ஆகாது. மஜ்ஜைக்குள் ஒரே ஒரு அணுவில் தொடங்குவது, மைக்ராஸ்கோப்புக்குத் தெரியும் அளவு பெருகி வெளியே வர நாளாகும். உன் கல்யாணத்துக்கு முந்தியே உள்ளே ஏதோ ஒரு மூலையில் தொடங்கியிருக்கலாம். அதை யாரும் காலில் கொண்டுவருவதில்லை, யார் கண்ணும் வைப்பதில்லை. இதை அன்றைக்குப் பந்தியிலேயே சொல்லியிருக்கலாம், எனக்குத் தெரியாததா. சொன்னால் முதலில் பார்த்தவள் நான் இல்லை என்றாகிவிடும், அதனால் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன், அதே திலகாவிடம், நாலு பேர் இருக்கும்போது.

உனக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. மாத்திரையை ஒரு நாளும் விடாதே. உடம்பு நன்றாக இருக்கிறது என்று நீயாக நிறுத்திவிடாதே. அது நன்றாக இருப்பதே மாத்திரையால்தான். சாப்பிட்டுவிட்டுப் போடு, தண்ணீர் நிறையக் குடி. டாக்டர் சொன்ன மாதத்தில் அந்த மரபணுப் பரிசோதனையைச் செய், வேலை இருக்கிறது என்று தள்ளிப்போடாதே. காய்ச்சல் வந்தால் அன்றே போய்க் காட்டு. உடம்பில் எது வித்தியாசமாகப் பட்டாலும் முதலில் மேகலாவிடம் சொல். இந்த ஒரு வரியை எழுத நான் எவ்வளவு நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று உனக்குத் தெரியாது. எனக்கு இரண்டாவதாகச் சொன்னால் போதும். ஆனால் சொல்.

இந்தக் கவரை ஏன் ஒட்டவில்லை என்றால், அவளும் படிக்க வேண்டும். நான் உன்னிடம் சொல்லிவிட்டேன் என்று அவளுக்குத் தெரிய வேண்டும், எவ்வளவு பொறாமையோடு சொன்னேன் என்பதும் தெரிய வேண்டும். நீங்கள் கொண்டுபோக ஊறுகாய் வைத்த அட்டைப்பெட்டிக்குள், அடியில் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. விரல் குத்தும் ஊசி, புது ஸ்லைடு, பஞ்சு எல்லாம் வைத்திருக்கிறேன். சொட்டை ஸ்லைடில் எப்படி இழுப்பது என்று செவ்வாய்க்கிழமை அவளே கேட்டுச் செய்து பார்த்துவிட்டுத்தான் போனாள். என் விரலில்தான் குத்தினாள், கொஞ்சம் வேகமாகவே குத்தினாள். மாசி வருகிறது. புது வேலையில் லீவு கிடைக்காது என்று எனக்குத் தெரியும். பிறந்தநாள் காலையில் நீ விரலை நீட்டு, அவள் எடுக்கட்டும். காற்றில் காயவிட்டு, பெட்டியில் வைத்து, அன்றைக்கே பார்சல் போடுங்கள். ஓரத்தில் பென்சிலால் வயதை அவள் கையெழுத்திலேயே எழுதட்டும், பரவாயில்லை. மரப்பெட்டியில் அதற்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன். அங்கே எந்த லேபிலும் கொடுத்துக் காட்டிவிடாதீர்கள். குத்துவது வேண்டுமானால் அவளாக இருக்கட்டும். முதலில் பார்ப்பது நான்தான்.

அம்மா